மலையேறிப் போனவர்கள்: கம்பம் பள்ளத்தாக்கின் குடிபெயர்ச்சியும் மலைநாட்டில் எழுந்த எதிரொலியும்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லையாற்றின் கரையில் அமைந்துள்ளது வீரபாண்டி. சித்திரைத் திருவிழாவால் பெயர்பெற்ற கௌமாரியம்மன் கோயிலும், பாண்டிய மன்னன் ஒருவன் இழந்த பார்வையை மீளப் பெற்றான் என்னும் தலவரலாற்றையுடைய கண்ணீசுவரமுடையார் கோயிலும் இவ்வூரில் உள்ளன. ஊரின் பெயரிலேயே பாண்டியன் இருக்கின்றான். ஊரார் அப்பெயரைப் பெருமையோடு சொல்லுகின்றனர். ஆனால் இதே சாலையில் தென்மேற்கே சென்று, கூடலூரைக் கடந்து, குமுளி மலையை ஏறிவிட்டால் அதே சொல் வேறு பொருள் கொள்ளுகின்றது. மலையாள நாட்டில் ‘பாண்டி’ என்பது கீழ்நாட்டினின்று வந்த தமிழனைக் குறிக்கும். சொல்லுகிறவர் குரலைப் பொறுத்து அது வெறும் அடையாளமாகவும் இருக்கலாம், ஏச்சாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஏச்சே.

ஓர் அரச மரபின் பெயர் முப்பது நாற்பது கல் தொலைவுக்குள் எவ்வாறு வசைச்சொல்லாயிற்று? இக்கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். குடிபெயர்ச்சி என்றவுடன் நம் எண்ணம் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஓடுகின்றது. கப்பலேறியவர்களைப்பற்றி நூல்கள் உண்டு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நடந்தே வேறொரு நாட்டுக்குப் போனவர்களைப்பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. வேறு நாடு என்பது மிகையன்று. 1949 வரை திருவிதாங்கூர் தனி அரசு. அதற்கென மகாராசா உண்டு, சட்டம் உண்டு, எல்லையில் சுங்கச் சாவடி உண்டு. சென்னை மாகாணத்தின் குடிமகன் ஒருவன் மெட்டைக் கடந்தால் அயல் அரசின் நிலத்தில்தான் கால்வைத்தான்.

அம்மலைகளில் முதலில் இருந்தவர் யாவர் என்று கேட்டால் விடை நம்மை மறுபடியும் மதுரைக்கே கொண்டுவந்துவிடுகின்றது. முதுவர், மன்னான் ஆகிய பழங்குடியினர் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர் என்றே வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். மலைநிலத்துக்கு உரிமை கொண்டாடிய பூஞ்ஞாறு அரச குடும்பமும் தன்னைப் பாண்டியர் வழியினதென்றே கூறிக்கொள்ளுகின்றது. ஆகவே ‘பாண்டி’ என்று இகழப்படுகிறவன் அம்மலைக்கு வந்த முதல் பாண்டியன் அல்லன். இதை வாதத்தில் வெல்லுவதற்காகச் சொல்லவில்லை. ‘யார் முந்தியவர்’ என்னும் கேள்வி அங்கு எத்தனை வழுக்கலான தரையில் நிற்கின்றது என்பதைக் காட்டவே சொல்லுகின்றோம்.

தோட்டங்களின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்குகின்றது. பீர்மேட்டுப் பகுதியில் காப்பி பயிரிட்ட முன்னோடிகளுள் சர்ச் மிஷன் சங்கத்தின் ஊழியரான இளைய ஹென்றி பேக்கரும் ஒருவர். மலை அரையர் நடுவே நற்செய்திப் பணி செய்த அதே கைகள் காப்பிச் செடியையும் நட்டன என்பது நம் மிஷன் வரலாற்றை எழுதுகிறவர்கள் விரைந்து கடந்துவிடும் செய்தி. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். காப்பி, சின்கோனா முதலியவற்றைச் சோதித்துப் பார்த்தபின் தேயிலை நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. தெற்கே ஏலமலைகளில் ஏலக்காய் பெருகிற்று.

இவற்றுக்கெல்லாம் வேலையாட்கள் வேண்டும். மேற்கே திருவிதாங்கூரின் சமவெளியிலிருந்து அந்நாளில் மலையேற மனங்கொண்டவர் மிகச் சிலரே. மலைச்சுரம் அஞ்சத்தக்கதாயிருந்தது, அங்கே வயலும் தோப்பும் மக்களைப் பிடித்துவைத்திருந்தன. கிழக்கேயோ மழை பொய்த்த சீமை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பாழாக்கிய தாதுவருடப் பஞ்சத்தின் நினைவு ஆறாத காலம். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளில் நிலமற்ற குடும்பங்கள், அவர்களுள்ளும் ஒடுக்கப்பட்ட சாதியார், கங்காணி நீட்டிய முன்பணத்தை வாங்கிக்கொண்டு நடந்தனர். போடியிலிருந்து கொட்டகுடி வந்து, அங்கிருந்து மலையுச்சிக்கு ஏறும் பாதை மூணாற்றின் தலைவாசலாயிருந்தது. தேயிலைப் பெட்டிகள் மேலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழே இறங்கின. அவற்றைப் பறித்தவர்கள் கால்நடையாக ஏறினர். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மூணாற்றின் சிறு இரயில் பாதையை அழித்துச் சென்றபின்னும் ஆட்களின் வருகை நிற்கவில்லை.

அதே காலத்தில் கீழேயும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1886இல் திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. பென்னிகுயிக் மேற்பார்வையில் பெரியாற்று அணை கட்டப்பெற்று 1895இல் நீர் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி, இன்று வீரபாண்டிப் பாலத்தின் கீழ் ஓடுகின்றது. நீர் இறங்கி வந்த மலையின்மேல் மனிதர் ஏறிப் போயினர். நிலமுள்ளவனுக்கு இருபோகம் கிடைத்தது. நிலமில்லாதவனுக்கு அணையும் சோறிடவில்லை. அவனுக்கு மலைதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இவர்கள் வந்த காலத்தில் இவர்களை எதிர்த்து யாரும் குரலெழுப்பியதாக வரலாறு பேசவில்லை. தோட்டத்துரைக்கு அவர்கள் தேவை; திருவிதாங்கூர் அரசுக்குத் தோட்டத்தின் வருவாய் தேவை; சமவெளி மக்களுக்கு அம்மலையே தேவையற்றதாயிருந்தது. வருகிறவன் கையாக மட்டும் இருக்குமட்டும் அவனை யாரும் அயலானென்று எண்ணுவதில்லை. அவனை எண்ணிக் கணக்கெடுக்கும் நாள் வரும்போதுதான் அவன் அயலானாகின்றான்.

அந்நாள் இருவகையில் வந்தது. முதலாவது, நிலம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பர்மா அரிசி நின்றுபோகவே திருவிதாங்கூரில் கடும் உணவுப் பஞ்சம் உண்டாயிற்று. வனநிலங்களில் உணவுப் பயிர் செய்ய அரசு இடங்கொடுத்தது. மத்திய திருவிதாங்கூரிலிருந்து, பெரும்பாலும் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள், மலையேறின. 1954-55இல் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு குடியேற்றத் திட்டமொன்றை வகுத்து மறையூர், காந்தளூர், கல்லார் முதலிய இடங்களில் நிலம் பகிர்ந்தளித்தது. கல்லாரில் உண்டான குடியேற்றம் இன்றும் அவர் பெயராலேயே பட்டம் காலனி எனப்படுகின்றது. மொழிவாரி மாநிலங்கள் பிரியவிருந்த வேளையில், தமிழர் மிகுந்த தாலுகாக்களின் மக்கட்தொகையை மாற்றவே இது செய்யப்பட்டது என்று தமிழர் தரப்பில் அன்றுமுதல் குற்றஞ்சாட்டப்படுகின்றது. உணவும் நிலமும் அற்ற ஏழைகள் அதனால் வாழ்வு பெற்றனர் என்பதும் உண்மையே. அவர்களும் யானைக்கும் மலேரியாவுக்கும் தப்பிப் பிழைத்தவர்கள்தாம்.

ஆனால் சொற்களைப் பாருங்கள். மேற்கேயிருந்து வந்தவருக்கு மலையாளத்தில் ‘குடியேற்றக்காரர்’ என்று பெயர். அவர்தம் வரலாறு காட்டைத் திருத்திய வீரக்கதையாக எழுதப்படுகின்றது. கிழக்கேயிருந்து அவர்களுக்கு இரண்டு தலைமுறை முந்தி வந்தவருக்குத் ‘தோட்டத் தொழிலாளி’ என்று பெயர். அவரும் காட்டைத் திருத்தினார். ஆயினும் திருத்திய நிலம் கம்பெனியுடையது, படுத்த லயமும் கம்பெனியுடையது. ஓய்வுபெறும் நாளில் வீட்டைக் காலிசெய்து கொடுக்கவேண்டும். நிலம் பெற்றவன் குடியேறினவன். நிலம் பெறாதவன் வேலைக்கு வந்தவன். எவ்வளவு காலம் இருந்தான் என்பதன்று, எதைப் பெற்றான் என்பதே வேறுபாட்டை உண்டாக்கிற்று.

நிலம் பெற்றவர் நிலையும் எப்போதும் உறுதியாயிருந்ததில்லை. 1961இல் இடுக்கி நீர்மின் திட்டத்திற்காக அய்யப்பன்கோவிலிலிருந்து குடியேற்றக்காரர்கள் வெளியேற்றப்பட்டுக் குமுளியை அடுத்த அமராவதியில் மழையில் கொண்டுவந்து விடப்பட்டனர். கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் அங்கே உண்ணாநோன்பிருந்தார். கம்யூனிச எதிர்ப்பாளரென்று அறியப்பட்டிருந்த கத்தோலிக்க குரு ஜோசப் வடக்கன் அவருக்குத் துணைநின்றார். கேரளத் திருச்சபை வரலாற்றில் இது பேசப்படும் நிகழ்ச்சி, பேசப்படத் தக்கதுமாகும். தோட்டத்து லயத்தினின்று வெளியேற்றப்பட்ட ஒரு தமிழ்க் குடும்பத்துக்காக அத்தகைய கூட்டணி அமைந்ததுண்டா என்று வினவினால் சற்றுத் தயக்கமே விடையாகின்றது. நம் தரப்புத் திருச்சபைகளையும் சேர்த்தே சொல்லுகின்றோம்.

இரண்டாவது, வாக்கு. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு, மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில், தெற்கிலுள்ள தாலுகாக்களோடு தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழ்நாட்டோடு இணைக்கவேண்டுமெனப் போராடிற்று. 1954இல் நேசமணியும் தோழரும் தேவிகுளத்தில் கைதாயினர். அவ்வாண்டு ஆகஸ்டில் தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. தேவிகுளம் தாலுகாவில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினர் என்பதை யாரும் மறுக்கவில்லை. மறுதரப்பின் வாதம் வேறு: அவர்கள் வந்து போகும் தோட்டக் கூலிகள், மண்ணின் நிலைக்குடிகள் அல்லர் என்பது. அறுபது எழுபது ஆண்டுகளாக வந்து, பெற்று, புதைத்து, மறுபடியும் பெற்ற மக்கள், எல்லை வகுக்கும் நாளில் ‘போய்விடக்கூடியவர்கள்’ ஆயினர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. பின்னர் 1972இல் இடுக்கி மாவட்டம் அமைந்தபோது அவை அதனுள் அடங்கின.

எனினும் வாக்குச் சீட்டு ஒரு விந்தையான ஆசிரியர். 1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. இ. எம். எஸ். அரசுக்கு அதில் வெல்லவேண்டிய கட்டாயம். கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகத் தோட்டந்தோறும் தமிழில் பாடி வாக்குக் கேட்டவர் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன். அவ்வெற்றியில் அவர் பாட்டுக்குப் பெரும்பங்குண்டு என்று இன்றும் சொல்லப்படுகின்றது. ‘வந்துபோகிறவர்’ எனப்பட்டவரின் மொழி அவ்வொரு மாதத்துக்கு அரசியலின் மொழியாயிற்று.

இவ்விடத்தில் இலங்கையை நினையாமலிருக்க முடியாது. ஏனெனில் அங்கும் நிகழ்ச்சிகளின் வரிசை இதுவே, ஆனால் மிகக் கொடிய வடிவில். மலையகத்துக்குத் தமிழர் காப்பிக் காலத்திலேயே சென்றனர். அவர்களுக்கெனத் தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தோன்றிற்று. எதிர்ப்பு பெருகியது 1931இல் டொனமூர் அரசியலமைப்பு எல்லாருக்கும் வாக்குரிமை வழங்கவிருந்த வேளையில்தான். தோட்டத் தமிழரின் வாக்கு கண்டிச் சிங்களரை அமிழ்த்திவிடும் என்னும் அச்சம் எழுந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம். அதையடுத்து வாக்குரிமை பறிப்பு. 1949இன் சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்கள் தொடர்ந்து தங்கியிருந்ததற்கு எழுத்துச் சான்று காட்டவேண்டியதாயிற்று; எழுத்தறியாத மக்களிடம் எழுத்து கேட்கப்பட்டது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரைப் பாகப்பிரிவினை செய்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. நாடற்றவராய் எஞ்சியவர்களின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடுக்கித் தமிழருக்கு இந்தியக் குடியுரிமை என்னும் கூரை இருந்தது. ஆகவே அவர்கள் கப்பலேற்றப்படவில்லை. ஆனால் கூரையின்கீழும் மழை ஒழுகும் என்பதை 2011 டிசம்பர் காட்டிற்று. முல்லைப் பெரியாற்று அணையின் பாதுகாப்புப் பற்றிய சர்ச்சை தெருவுக்கு வந்தது. குமுளியிலும் ஏலத்தோட்டங்களிலும் தமிழர் தாக்கப்பட்டனர், மிரட்டப்பட்டனர் என்னும் செய்திகள் வந்தன. பெண்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மலையிறங்கினர். கீழே கம்பத்திலும் கூடலூரிலும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு எல்லையை நோக்கிப் புறப்பட்டனர். போலீசார் தடியடி நடத்தினர். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அக்கடைகளை நடத்தியவர் பலர் நெடுங்காலமாக நம் நடுவில் வாழ்ந்தவர்கள். அணைக்கும் அவர்களுக்கும் என்ன உறவு? மேலே ‘பாண்டி’ என்று கூவியவருக்கும் கீழே கல்லெறிந்தவருக்கும் வேறுபாடு மொழி ஒன்றே. வழக்கு 2014 மே மாதம் உச்சநீதிமன்றத்தில் 142 அடி என்னும் தீர்ப்போடு ஒருவாறு அடங்கிற்று. அதற்குள்ளாகவே ஜீப்புகள் விடியற்காலையில் மறுபடியும் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு மெட்டுகளை ஏறத் தொடங்கிவிட்டன. ஏலக்காய் நீதிமன்றத்திற்காகக் காத்திருப்பதில்லை.

பொதுமக்களின் எதிரொலி எப்போதும் பகைமையாகவே இருந்ததென்று எண்ணுவதும் தவறு. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவில் அமர்ந்தனர். ‘பெம்பிளை ஒருமை’ எனப் பெயர்பெற்ற அக்கூட்டம் பேசியது தமிழ். அதைக் கேட்டு நெகிழ்ந்தது கேரளம் முழுவதும். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலைசரிந்து லயங்களை மூடி 70 பேரைக் கொன்றபோதும் மலையாளிகள் அழுதனர். ஆனால் மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளாயிற்று; அங்கு மாண்டோர் குடும்பத்துக்கு 10 இலட்சம், பெட்டிமுடிக்கு 5 இலட்சம் என்று அறிவிப்பு வந்தவுடன், இந்த வேறுபாடு ஏன் என்று முதலில் கேட்டவர்களுள் மலையாளிகளும் இருந்தனர்.

இனி, நம் ஊழியத்தை நேரே தொடும் செய்தி ஒன்று. 1950 ஆகஸ்டு 10இல் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக வகுத்தது. அந்நாளுக்கு முன்னரே குடும்பம் அங்கு வாழ்ந்ததென்று காட்டமுடியாத தமிழ்த் தலித் மக்கள் இடுக்கியில் சாதிச்சான்று பெற அல்லலுறுகின்றனர். பாட்டன் எந்த ஆண்டில் மலையேறினான் என்பதற்குப் பேரன் தாள் காட்டவேண்டும். 2021இல் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்று சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்த ஏ. ராஜாவின் தேர்தல் வழக்கு இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. அவருடைய குடும்பம் 1950க்கு முன்னர் குண்டளைத் தோட்டத்துக்கு வந்ததா என்பது ஒரு கேள்வி; அவர் கிறிஸ்தவரா என்பது மற்றொன்று. 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் தேர்தல் செல்லாதென்றது. 2025 மே 6இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் தேர்தலை நிலைநிறுத்திற்று. இதனிடையே நீதிமன்ற மேசையில் சான்றாகக் கிடந்தவை தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்த ஒரு தோட்டச் சபையின் பதிவேடுகள். ஆயர்கள் எந்நாளோ எழுதிய வரிகளை வழக்கறிஞர்கள் எழுத்தெழுத்தாக ஆராய்ந்தனர்.

எபிரெய மொழி அயலானுக்கு ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ‘நொக்ரி’ என்பவன் வந்து போகும் புறநாட்டான். ‘கேர்’ என்பவன் குடியிருக்கும் அயலான், சட்டத்தின் காவலுக்கு உட்பட்டவன், கதிர் பொறுக்க உரிமையுள்ளவன். போவாசின் வயலில் ரூத் தன்னைக் குறித்துச் சொல்லிக்கொள்ளுவது முதற்சொல்லை. அவளுக்குக் கிடைத்ததோ இரண்டாம் சொல்லுக்குரிய உரிமை. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் வரும் ‘பரதேசி’ என்னும் சொல் அந்நாளில் வேற்றுநாட்டான் என்றே பொருள்பட்டது. இன்று தெருவில் அது வசை. ‘பாண்டி’க்கு நேர்ந்ததே ‘பரதேசி’க்கும் நேர்ந்திருக்கின்றது, அதுவும் நம் சொந்த மொழியில். ஏலமலையில் இப்போது அசாம், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்து வேலை செய்கின்றனர். அவர்களைப்பற்றி அங்குள்ள தமிழர் பேசும் பேச்சைக் கேட்டால், 1950களில் தமிழரைப்பற்றிப் பேசப்பட்டதை மொழிபெயர்த்ததுபோலவே இருக்கின்றது: கூலியைக் குறைத்துவிட்டார்கள், தூய்மையில்லை, எப்போது போவார்களோ தெரியாது.

ஆங்கிலிக்கன் வழிவந்த ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயருக்கு அடுத்து இரு பத்திகள் உண்டு: ஒன்று வாழிடம், மற்றொன்று தொழில். ஞாயிறு ஆராதனை முடிந்து பத்துக் குழந்தைகளுக்கு ஒருசேர ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, அடுத்த தோட்டத்துக்குப் போகும் அவசரத்தில் ஆயர் ஒருவர் வாழிடத்தில் ‘எஸ்டேட்’ என்றும் தொழிலில் ‘கூலி’ என்றும் எழுதி முடித்திருப்பாரானால் அவரைக் குறைகூற முடியாது. அன்று அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, கீழே எந்த ஊர், எந்தத் தேதி என்பவற்றை முழுமையாக எழுதிவைத்த ஆயரின் கையெழுத்து, எழுபது ஆண்டுகளுக்குப்பின் ஒரு பேரன் தாலுகா அலுவலகத்தில் நீட்டக்கூடிய ஒரே தாளாக இருக்கின்றது. மலையோரச் சபைகளுக்குச் செல்லும் மாணவர்கள் அப்பதிவேடுகள் இப்போது எந்த அலமாரியில், எந்நிலையில் இருக்கின்றன என்று முதல் வாரத்திலேயே பார்த்துவைத்தல் நலம். மலைக்காற்றின் ஈரத்தில் பழைய மை விரைவாகக் கரைகின்றது.